ஆல்புமின் கசியவில்லை, ஆனாலும் சிறுநீரகம் தேய்கிறது

சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையில் முக்கியமாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சிறுநீரில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு, இரத்தத்திலேயே நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் எத்தனை மில்லிகிராம் என்ற விகிதம். மற்றது ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. முதல் எண் 30-க்குக் கீழே இருந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் நிம்மதியாக அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அந்த அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. முதல் எண் 12, இரண்டாவது எண் 50 என்று வரும் அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. கண்ணெதிரே ஒரு சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கான எச்சரிக்கை மணி என்று நாம் நம்பியிருக்கும் புரதமோ வாய் திறக்கவே இல்லை.

என் சித்தப்பாவின் அறிக்கை அப்படிப்பட்டது. அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் ஒரு நீளமான நோட்டில் பத்தி பிரித்து எழுதி வைத்திருப்பார். தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., கிரியாட்டினின், ஆல்புமின் விகிதம் என்று. ஒருநாள் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த வரைபடத் தாளைக் காட்டினார். ஈ.ஜி.எஃப்.ஆர். 78-இல் தொடங்கி 74, 69, 63, 58, 52 என்று பென்சில் கோடு இறங்கியிருந்தது. அதே தாளில் ஆல்புமினுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. அது 10-க்கும் 20-க்கும் நடுவே நகராமல் படுத்திருந்தது.

"ஏம்மா, கசிவு இல்லை என்றால் வடிகட்டி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் இந்தக் கோடு மட்டும் இறங்குகிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சிறுநீரக மருத்துவம் இந்தக் கேள்விக்கு வந்துசேரவே பல பத்தாண்டுகள் ஆயின.

ஆல்புமினுக்கு இந்தப் பெரிய இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். அது வெண்மையாகத் திரண்டால் புரதம் இருக்கிறது, சிறுநீரகத்தில் கோளாறு என்று பொருள். அதே மருத்துவமனையில் 1963-இல் ஹாரி கீனும் அவருடைய சகாவும், கரண்டியில் திரளாத அளவு சிறிய ஆல்புமினையும் கதிரியக்கக் குறியீட்டின் உதவியால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1982-இல் விபெர்ட்டியின் குழு அங்கிருந்தே ஒன்றைக் காட்டியது: முதல் வகைச் சர்க்கரை நோயில் அந்தச் சிறு கசிவு இருப்பவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரக நோய் முற்றும் வாய்ப்பு அதிகம். 1984-இல் டென்மார்க்கின் மோகன்சென் இரண்டாம் வகை நோயிலும் அது முன்னறிவிப்பு என்றார். அன்றிலிருந்து மருத்துவ மாணவர்கள் எல்லோரும் ஒரே வரிசையைத்தான் மனப்பாடம் செய்தார்கள். முதலில் சிறு கசிவு, பிறகு பெருங்கசிவு, பிறகு வடிகட்டும் திறன் குறைவு, கடைசியில் டயாலிசிஸ்.

அந்த வரிசை பொய் அல்ல. ஆனால் எல்லோரும் அந்த வழியே போவதில்லை. 2003-இல் பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்திலிருந்து வந்த ஆய்வில், முதல் வகை நோயாளிகளில் சிறு கசிவு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு ஆண்டுகளில் அது குறைந்தே போயிருந்தது. மறுபுறம், பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் பங்கேற்ற இரண்டாம் வகை நோயாளிகளில் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதற்கு முன் ஆல்புமின் கசிவே இருந்ததில்லை. 2006-இல் வெளியானது இது. கசிந்தவர்களில் பலர் தேறுகிறார்கள். கசியாதவர்களில் பலர் தேய்கிறார்கள். சித்தப்பா இரண்டாவது கூட்டத்தில் ஒருவர்.

அளவீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாள் முழுவதும் நான் அதன் அருகில்தான் நிற்கிறேன். சிறுநீர் மாதிரியில் ஆல்புமினைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்ப்போம். இரண்டும் பிணைந்து திரவம் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலினூடே ஒளி எவ்வளவு குறைகிறது என்பதைக் கருவி அளந்து எண்ணாக்கும். ஆல்புமின் அளவுக்கு மீறி இருந்தால் ஒரு விபரீதம் நடக்கும்: எதிர்ப்பொருள் போதாமல் பிணைப்பு சரியாக உருவாகாது; கலங்கல் குறையும்; மிக மோசமான மாதிரி நல்ல மாதிரியைப் போல எண் காட்டும். அதனால்தான் சந்தேகமான மாதிரியை நீர்க்கச் செய்து திரும்ப ஓட்டுகிறோம். அதோடு, ஒரே ஆளின் ஆல்புமின் ஒரு நாள் 18, இன்னொரு நாள் 41, அடுத்த வாரம் 25 என்று ஆடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், கட்டுக்கடங்காத சர்க்கரை என எது வேண்டுமானாலும் அதை உயர்த்தலாம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்வதும், மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் கசிவு என்று உறுதிசெய்வதும் இதனால்தான். ஒரே ஒரு மாதிரியை வைத்து ஒருவரைப் பயமுறுத்துவதும் சமாதானப்படுத்துவதும் ஒரே அளவுக்குத் தவறு.

விகிதத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கிரியாட்டினினிலும் ஒரு சிக்கல். அது தசையிலிருந்து வருவது. ஈ.ஜி.எஃப்.ஆரையும் இரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்தே கணக்கிடுகிறோம். தசை வற்றிய முதியவரின் உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உண்டாகும், ஆகவே இரத்தத்திலும் குறைவாகத் தெரியும், ஈ.ஜி.எஃப்.ஆர். உண்மையைவிட அழகாக வரும். சித்தப்பா மெலிந்த உடல்வாகு. அவருக்குச் சிஸ்டாட்டின் சி அளந்து பார்க்கச் சொன்னேன். இது உடலின் உட்கரு உள்ள செல்கள் எல்லாம் சுரக்கும் சிறு புரதம். தசையைப் பெரிதாகச் சார்ந்திராதது. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதைக் குழப்பும் என்றாலும் அவருக்கு அவை இரண்டும் இல்லை. அந்தக் கணக்கில் ஈ.ஜி.எஃப்.ஆர். 46 வந்தது. அவருடைய பென்சில் கோடு காட்டியதைவிட நிலைமை ஒரு படி கீழே.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் குளோமெருலஸ் என்ற வடிகட்டி. பின்னால் நீண்டு வளைந்த நுண்குழாய். ஆல்புமின் கசிவு பெரும்பாலும் வடிகட்டியின் சேதத்தைச் சொல்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் பெரும்பகுதி நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள திசுவும்தான். அங்கே அழற்சியும் தழும்பும் பரவினால், இரத்தக் குழாய்கள் சுருங்கினால், வடிகட்டி ஒழுகாமலே நெஃப்ரான் செத்துப்போகலாம். அந்தச் சாவை ஆல்புமினிடம் கேட்டால் பதில் கிடைக்காது. அங்கே நடப்பதை அறிந்த வேறு புரதங்களிடம்தான் கேட்க வேண்டும்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கிம்-1. 'சிறுநீரகக் காய மூலக்கூறு' என்பதன் சுருக்கம் அது. ஜோசப் பான்வென்டரின் குழு 1998-இல் இதை விவரித்தது. நலமான நுண்குழாய்ச் செல்லில் இதைத் தேடினாலும் அநேகமாகக் கிடைக்காது. அந்தச் செல் காயப்பட்டதும், குழாயின் உட்புறம் நோக்கிய அதன் மேற்பரப்பில் கிம்-1 முளைத்து நிற்கிறது. செத்து உதிரும் பக்கத்துச் செல்களின் துணுக்குகளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. வெறுமனே சிறுநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த செல் துப்புரவுப் பணியாளராக மாறிவிடுகிறது. பிறகு கிம்-1-இன் வெளிப்பகுதியை நொதிகள் வெட்டி விடுகின்றன. அது சிறுநீரில் கலக்கிறது, இரத்தத்திலும் தென்படுகிறது. 2014-இல் வெளியான ஆய்வில், முதல் வகை நோயாளிகளின் இரத்தத்தில் கிம்-1 அதிகமாக இருந்தவர்களுக்குச் சிறுநீரகத் திறன் வேகமாகக் குறைந்தது. காயப்பட்ட இடத்திலேயே பிறந்து, காயத்தைச் சொல்வதற்கென்றே வெளியே வருவது போன்ற ஒரு புரதம் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் ஆராய்ச்சியில் அதிகம் நிலைத்து நின்றவை டி.என்.எஃப். ஏற்பிகள், 1-உம் 2-உம். டி.என்.எஃப். என்பது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதம். அதைப் பிடித்துக்கொள்ளச் செல்களின் மேல் இருப்பவை இந்த ஏற்பிகள். இவையும் வெட்டுப்பட்டு இரத்தத்தில் மிதக்கும். 2012-இல் ஜாஸ்லின் மையத்தின் க்ரோலெவ்ஸ்கி, நியெவ்சாஸ், கோதா ஆகியோர் இரண்டு கட்டுரைகளை ஒரே இதழில் வெளியிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து உறைநிலையில் வைத்திருந்த இரத்தத்தை எடுத்து அளந்து, அந்த நோயாளிகள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். இரண்டாம் வகை நோயாளிகளில் ஏற்பி-1 அளவின் உச்சக் கால்பங்கில் இருந்தவர்களில் 12 ஆண்டுகளுக்குள் 54 சதவீதம் பேர் சிறுநீரகச் செயலிழப்புக்கு வந்திருந்தார்கள். மற்ற முக்கால் பங்கினரில் அது 3 சதவீதம்தான். முதல் வகை நோயாளிகளைப் பற்றிய மற்றக் கட்டுரையில் இன்னும் முக்கியமான செய்தி இருந்தது: ஆய்வின் தொடக்கத்தில் சிறுநீரகம் நன்றாக இயங்கிய, பெருங்கசிவு இல்லாத ஆட்களிடையேகூட இந்த ஏற்பிகள் முன்கூட்டிச் சொல்லின. நான் அந்த 54-ஐயும் 3-ஐயும் முதன்முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. என் துறையில் இவ்வளவு பெரிய பிளவு அடிக்கடி கண்ணில் படுவதில்லை.

அதே குழு 2019-இல் 194 அழற்சிப் புரதங்களை அளந்து, பத்தாண்டுகளில் சிறுநீரகச் செயலிழப்பை முன்கூட்டிச் சொல்லும் 17 புரதங்களைப் பிரித்தெடுத்தது. டி.என்.எஃப். ஏற்பிக் குடும்பமே அதில் முன்னணி. அமெரிக்காவின் பீமா பழங்குடியினர் உட்பட மூன்று நோயாளிக் குழுக்களில் அதைச் சோதித்தார்கள். இந்தப் புரதங்கள் சிறுநீரகத்தில் பிறந்தவை அல்ல, உடலின் மற்ற இடங்களிலிருந்து வருபவை என்பது அவர்களுடைய முடிவு. 2021-இல் எதிர்த்திசையிலும் தேடி, அதிகமாக இருந்தால் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிற மூன்று புரதங்களைச் சொன்னார்கள். ஆஞ்சியோபொய்ட்டின்-1 அவற்றில் ஒன்று. கேட்டைச் சொல்பவற்றை மட்டுமே தேடிக்கொண்டிருந்த துறையில் இது நல்ல திருப்பம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் 54 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"வகுப்பில் நூற்றுக்கு 54 பேர் தோற்பார்கள் என்று சொன்னால், அது எனக்கு வகுப்பைப் பற்றிச் சொல்கிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனைப் பற்றி என்ன சொல்கிறது?"

"அந்தப் பையனை இன்னும் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது, சித்தப்பா. அவன் தோற்பான் என்று சொல்லவில்லை."

"அப்படியானால் கவனிப்பதற்கு ஏதாவது வழி இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு."

அவர் சொன்னது அப்படியே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. சிறுநீரில் உள்ள 273 புரதத் துணுக்குகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் தரும் முறை ஒன்று உண்டு. பிரையாரிட்டி என்ற ஐரோப்பிய ஆய்வில், ஆல்புமின் கசிவே இல்லாத 1,775 இரண்டாம் வகை நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்தினார்கள். 216 பேர் ஆபத்து மிகுந்தவர்கள் என்று வந்தது. பின்னாளில் அவர்களில் 28 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கும் சிறு கசிவு தொடங்கியது. கணிப்பு பலித்தது. ஆபத்து மிகுந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அது கசிவைத் தடுக்கவில்லை. 2020-இல் முடிவு வெளியானது. எனக்கு அதில் இன்னொரு குறையும் தெரிகிறது. ஆல்புமினுக்கு முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட ஆய்வு, கடைசியில் வெற்றியை அளந்தது ஆல்புமினை வைத்துத்தான். சித்தப்பாவைப் போன்றவர்கள் அந்த அளவுகோலுக்குள் வரவே மாட்டார்கள்.

ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் எனக்கு வேறு கவலைகளும் உண்டு. டி.என்.எஃப். ஏற்பிகளின் வெட்டுண்ட பகுதி சிறியது. வடிகட்டும் திறன் குறைந்தாலே அவை இரத்தத்தில் தேங்கி உயரும். ஆகவே உயர்ந்த எண்ணில் எவ்வளவு எதிர்காலம், எவ்வளவு ஏற்கெனவே நடந்து முடிந்த இழப்பு என்று பிரித்தறிய வேண்டும். நல்ல ஆய்வுகள் ஈ.ஜி.எஃப்.ஆரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு நிற்கிறதா என்று பார்க்கின்றன. பார்க்காத கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் சில பெரிய தொழில்நுட்பங்கள் ஒப்பீட்டு அளவையே தருகின்றன. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பிகோகிராம் என்று சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கிட்டில் வரும் எண் இன்னொரு நிறுவனத்தின் கிட்டில் வராது. ஓரிடத்தில் வகுத்த எல்லைக்கோட்டை இன்னோரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நலமானவர் நோயாளி ஆவார், நோயாளி நலமானவர் ஆவார்.

இவ்வளவு தடைகளைத் தாண்டியும் சில முறைகள் வெளியே வந்துவிட்டன. இரண்டு டி.என்.எஃப். ஏற்பிகளையும் கிம்-1-ஐயும் நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துக் கணிக்கும் கிட்னிஇன்டெல்எக்ஸ் பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் உருவான புரோமார்க்கர்டி வேறு மூன்று இரத்தப் புரதங்களோடு வயது, நல்ல கொழுப்பு, ஈ.ஜி.எஃப்.ஆர். ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது.

சித்தப்பாவுக்கு இவை வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஈ.ஜி.எஃப்.ஆர். 52 ஆகிவிட்ட பிறகு அவருக்கு ஆபத்து இருக்கிறதா என்று எந்தப் புதுப் புரதமும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வகை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்திருந்து ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் குறையாமல் இருந்தால், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்று சிறுநீரக நோய்க்கான உலக அளவிலான கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதல் 2022-இலேயே சொல்லிவிட்டது. அதற்கு ஆல்புமின் கசிந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கசிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அந்த மருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நோட்டையும் சிஸ்டாட்டின் சி முடிவையும் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். மருந்து தொடங்கியது.

சில வாரங்களில் பதற்றமாகக் கூப்பிட்டார். கோடு 48-க்கு இறங்கிவிட்டதாம். அந்த மருந்து வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் தொடக்கத்தில் எண் சற்றுக் கீழிறங்குவது எதிர்பார்த்ததுதான். பிறகு சரிவின் வேகம் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, மருந்தின் பெயரை எழுதி, கோட்டைத் தொடர்ந்து வரைகிறார். இந்த வகை மருந்தில் ஒன்றான கனாக்ளிஃப்ளோசினின் பெரிய ஆய்வில் சேமித்த இரத்தத்தைப் பின்னர் அளந்தபோது, மருந்து எடுத்தவர்களுக்குக் கிம்-1 நன்றாகவே குறைந்திருந்தது, டி.என்.எஃப். ஏற்பிகள் சிறிதளவே குறைந்தன. மருந்து வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் கிம்-1-ஐக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நாள் வரும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் புதிய புரதங்களுக்கு உரிய ஆள் சித்தப்பா அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சித்தப்பா. ஈ.ஜி.எஃப்.ஆர். 85, ஆல்புமின் 9, வயது நாற்பத்தைந்து என்று வருகிறவர். அவருடைய அறிக்கையில் இன்று நான் எதையும் அடிக்கோடிட முடியாது. அவரைப் போன்ற நூறு பேரில் யாருடைய நுண்குழாய்கள் ஏற்கெனவே காயப்பட்டிருக்கின்றன என்று எனக்குச் சொல்ல வழியில்லை. அடுத்த ஆய்வுகள் அவர்களிடம் நடக்க வேண்டும். புரதத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்து, இப்போது கையிலிருக்கும் நல்ல மருந்துகளைக் கொடுத்து, வெற்றியை ஈ.ஜி.எஃப்.ஆர். சரிவை வைத்து அளக்க வேண்டும்.

அதுவரை எங்கள் ஆய்வகத்தில் செய்ய முடிந்த ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஆல்புமின் விகிதம் 30-க்குக் கீழே இருந்தாலும், அதே நோயாளியின் பழைய ஈ.ஜி.எஃப்.ஆர். எங்கள் பதிவில் இருந்து, சரிவு ஆண்டுக்கு 5-ஐத் தாண்டினால், அறிக்கையின் அடியில் ஒரு வரி அச்சாகிறது: "ஆல்புமின் கசிவு இல்லை. வடிகட்டும் திறன் தொடர்ந்து குறைகிறது. மருத்துவரிடம் காட்டவும்." நோயாளிகளைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறோம் என்று ஒரு மருத்துவர் ஆட்சேபித்தார். பழைய எண்களையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டாமவர் சொன்னதை அடுத்த மாதத்திலிருந்து சேர்க்கிறோம்.